மிச்சப் பையும் மர்மக் கதையும்

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மூட்டை உண்டு. அலமாரியின் அடித்தட்டிலோ, பரண் மேலோ, கட்டிலுக்கு அடியிலோ அது இருக்கும். கிழிந்த புடவையின் கரை, ஒற்றைப் பொத்தான்கள், கல்யாணப் பத்திரிகைகளின் அட்டை, அறுந்துபோன வயர்க் கூடையின் பிடி, எந்த ரவிக்கைக்கு வாங்கியது என்றே மறந்துபோன நூல்கண்டு எல்லாம் அதற்குள் அடைக்கலம் புகுந்திருக்கும். "இந்தக் குப்பையைத் தூக்கி எறியக் கூடாதா?" என்று வீட்டுக்காரர் மாதம் ஒரு முறை கேட்பார். "இருக்கட்டும், எதற்காவது உதவும்" என்று நீங்களும் மாதம் ஒரு முறை பதில் சொல்வீர்கள். என்ன சகோதரிகளே, வாஸ்தவந்தானே?

அந்த மூட்டைக்கு மரியாதை செய்யத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். ஒரு தோடு காணாமற்போன கதையும், துப்பறியும் கதைகள் எழுதிய சில பெண்மணிகளின் கதையும் கூடவே வருகின்றன. துப்புக்களில் ஒன்றைக்கூட ஒளிக்காமல் சொல்லப் போகிறேன். தோடு போன இடத்தை என்னைவிடச் சீக்கிரமாகவே நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

மாதனூரில் என் பெரியம்மா இருக்கிறாள். சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில், பள்ளிகொண்டாவைத் தாண்டி ஆம்பூரைத் தொடுவதற்கு முன் வருகிற ஊர் அது. முன்பு வேலூர் மாவட்டத்தில் இருந்தது. 2019-லிருந்து திருப்பத்தூர் மாவட்டம். காலை வேளையில் சாலை ஓரமாக நின்று பாருங்கள். சாப்பாட்டு டப்பாவும் கைப்பையுமாகப் பெண்கள் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். ஷூ கம்பெனி பஸ்கள் வந்து அள்ளிக்கொண்டு போகும். பாலாற்றங்கரை ஓரமாக ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோலை நம்பி வாழும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. சீமையில் யாரோ ஒரு துரைசானி போட்டுக்கொண்டு நடக்கும் ஜோடு, இந்தப் பெண்களில் ஒருத்தி தைத்ததாகவும் இருக்கலாம்.

காலமாகிவிட்ட பெரியப்பா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் வேலை பார்த்தவர். அது லேசான வேலை அல்ல. துணி என்றால் நெய்த பீஸ் முழுவதும் ஒரே மாதிரி இருக்கும். தோல் அப்படியா? முதுகுப் பக்கம் கெட்டி. வயிற்றுப் பக்கம் தளர்ச்சி. முள் கிழித்த கோடு ஓரிடத்தில், உண்ணி கடித்த புள்ளி ஓரிடத்தில், சூடு போட்ட வடு ஓரிடத்தில். அதையெல்லாம் விலக்கி அச்சை வைத்து வெட்ட வேண்டும். இடது காலுக்கும் வலது காலுக்கும் நிறமும் வரியும் ஒத்துப்போகவும் வேண்டும். ஆகவே எவ்வளவு கெட்டிக்காரர் வெட்டினாலும் துண்டு விழாமல் இராது.

"உங்க பெரியப்பா ஒரு தோலை விரிச்சாப் போதும் கண்ணு. இது வேலியோரம் மேஞ்ச மாடு, இது வண்டி இழுத்த மாடுன்னு ஜாதகம் சொல்லிடுவாரு" என்பாள் பெரியம்மா. அந்தப் பார்வை அவளுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. விழுந்த துண்டுகளை அவர் கேட்டு வாங்கி வருவார். அவள் சேர்த்து வைப்பாள். மூக்குக் கண்ணாடி உறை, சில்லறைப் பை, சாவிக் கொத்து, சூடான டம்ளர் வைக்கும் வட்டம், சதுரம் சதுரமாக ஒட்டுப் போட்ட தோள்பை என்று இன்றைக்கும் செய்து தள்ளுகிறாள். அவள் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. பத்திரிகைகளில் வரும் தொடர்கதைகளை வாரா வாரம் கத்தரித்துச் சேர்ப்பாள். கதை முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து, கல்யாணப் பத்திரிகை அட்டையை மேலட்டையாக்கி, முதுகுக்கு ஒரு தோல் பட்டை ஒட்டிவிடுவாள். நம் வீட்டுப் பாட்டிமார்கள் பலர் செய்த பைண்டுதான். தோல் முதுகு மட்டும் மாதனூர் விசேஷம். பெரியம்மா வீட்டில் அப்படி ஒரு பீரோ நிறையப் புத்தகம். அவற்றில் முக்காலே மூன்று வீசம் மர்மக் கதை!

சென்ற மாதம் நாலு நாள் லீவு கிடைத்தது. மர்ம நாவல்களாகப் பார்த்து அரை டஜன் வாங்கிக்கொண்டு மாதனூர் போய்ச் சேர்ந்தேன்.

அன்று ராத்திரி சாப்பாடு ஆனதும் கூடத்தில் உட்கார்ந்தோம். அலுமினியத் தவலை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெரியம்மா பழைய காகிதங்களைச் சின்னச் சின்னதாகக் கிழித்துத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். காகிதக் கூழ்க் கூடை செய்யத்தான். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காகிதம் இரண்டு மூன்று நாள் ஊற வேண்டும். நன்றாகப் பிழிந்து, ஊற வைத்த வெந்தயத்தோடு சேர்த்து விழுதாக அரைத்துக்கொள்ள வேண்டும். கிண்ணத்தைக் கவிழ்த்து, மேலே ஈரத்துணி போர்த்தி, அந்த விழுதை ஒரே கனமாக அப்பி, முதலில் நிழலிலும் பிறகு வெயிலிலும் காய வைத்தால் கிண்ணத்தின் அச்சாகக் கழன்று வரும். வெந்தயம் பசைக்குப் பசை. பூச்சியும் சுலபத்தில் அண்டாது என்பார்கள்.

பிரயாணத்தில் காது புண்ணாகி வலித்தது. என் அம்மாவின் நீலக்கல் தோட்டைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஜோடியையும் கழற்றி, கைக்கு அகப்பட்ட பத்திரிகைக் காகிதத் துண்டு ஒன்றில் மடித்துத் தையல் மெஷின் பலகையில் வைத்தேன். அங்கே ஏற்கெனவே கத்தரித்த காகிதங்கள் கொஞ்சம் கிடந்தன.

பெரியம்மா நான் வாங்கிப் போன புத்தகங்களைப் புரட்டினாள். "இதெல்லாம் எழுதறவங்க பொம்பளைங்களா? அப்போ வீட்டு வேலையை யார் பார்ப்பாங்க?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி! அதற்குப் பதிலாகத்தான் அகதா கிறிஸ்டியின் கதையைச் சொன்னேன்.

இங்கிலாந்தில் 1890-ல் பிறந்த அந்த அம்மாள், முதல் உலக யுத்தத்தின்போது ஊரில் இருந்த ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலை பார்த்தார். மருந்து எது, விஷம் எது, எவ்வளவு போனால் ஆபத்து என்று அங்கே கற்றதைத்தான் 1920-ல் வெளிவந்த முதல் நாவலில் பயன்படுத்தினார். அதன் பிறகு அறுபதுக்கும் மேற்பட்ட துப்பறியும் நாவல்கள். இத்தனையும் எழுதியவருக்கு நெடுங்காலம் எழுதுவதற்கென்று தனி அறை கிடையாது. முகம் கழுவும் மேஜையும், சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் இடையே காலியாகக் கிடக்கும் சாப்பாட்டு மேஜையும் போதும் என்று இருந்தவர். மிச்சமான இடத்தில், மிச்சமான நேரத்தில் எழுதியவர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அவர் குறிப்பு எழுதிய நோட்டுப் புத்தகங்களில் 73 இன்றைக்கும் இருக்கின்றன. ஜான் கர்ரன் என்பவர் அவற்றை ஆராய்ந்து 2009-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவற்றில் என்ன இருக்கிறது தெரியுமா? யார் யாரைக் கொல்வது என்ற யோசனைக்குப் பக்கத்திலேயே சாமான் ஜாபிதா! சீட்டாட்ட மதிப்பெண்கள்! மகள் பள்ளிக்கூடத்தில் எழுதி மீந்த நோட்டிலும் அம்மா கொலைக் கதை யோசித்திருக்கிறார். நாமும் பிள்ளைகளின் நோட்டில் மீந்த பக்கங்களைக் கிழித்துப் பால் கணக்கு எழுதுகிறவர்கள்தாமே!

"அடி சக்கை! நம்மளாட்டம் ஆளு" என்றாள் பெரியம்மா. காகிதம் கிழிக்கும் கை மட்டும் நிற்கவில்லை.

கதைகளையும் அவர் வீணாக்கியதில்லை. ரயிலில் நடக்கும் கொலையைப் பற்றி 1923-ல் எழுதிய ஒரு சிறுகதையைப் பிரித்து, 1928-ல் நீல ரயிலைப் பற்றிய முழு நாவலாகத் தைத்துவிட்டார். மஞ்சள் ஐரிஸ் பூவின் பெயர் கொண்ட இன்னொரு சிறுகதையை 1945-ல் வேறு நாவலாக்கினார். அதில் துப்பறிபவரையே மாற்றினார்; குற்றவாளியையும் மாற்றினார். பழைய பட்டுப் புடவையைப் பாவாடையாக்கும்போது நைந்த பக்கத்தை ஒதுக்கிவிட்டு ஜரிகையை மட்டும் வைத்துக்கொள்கிறோமே, அதே கணக்கு.

எல்லாவற்றையும்விட ருசியான சமாசாரம் ஒன்று உண்டு. அவருடைய இரண்டாவது கணவர் மாக்ஸ் மல்லோவன் புதைபொருள் ஆராய்ச்சிக்காரர். 1949-லிருந்து ஈராக்கில் நிம்ரூத் என்ற இடத்தில் தோண்டினார். அங்கே ஏறக்குறைய 2,700, 2,800 ஆண்டுகளுக்கு முந்தைய தந்தச் சிற்பங்கள் மண் அப்பிக் கிடைத்தன. சுத்தம் செய்யும் பொறுப்பில் மனைவிக்கும் பங்கு. அந்த அம்மாள் கையில் எடுத்த ஆயுதங்கள் என்னென்ன? மெல்லிய பின்னல் ஊசி ஒன்று. நகத்தைச் சுத்தப்படுத்தும் மரக்குச்சி ஒன்று. முகத்துக்குப் பூசும் கிரீம் ஒரு டப்பா! கிரீம் தடவி, இடுக்கில் இருந்த மண்ணை ஊசி முனையால் பக்குவமாக எடுத்தார். 2011-ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் நிம்ரூத் தந்தங்களில் பல ஆயிரம் துண்டுகளை வாங்கியபோது, இந்த முக கிரீம் கதையைத்தான் பத்திரிகைகள் கொண்டாடின.

அவர் படைத்த மிஸ் மார்ப்பிள் கிழவியும் இந்த ஜாதிதான். 1930-ல் வந்த நாவலிலிருந்து பன்னிரண்டு நாவல்களில் வருகிறாள். கிராமத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து கம்பளி பின்னுகிற கிழவியை யார் லட்சியம் செய்வார்கள்? அவள் எதிரில் எல்லோரும் எல்லாவற்றையும் பேசுவார்கள். அவள் காதில் எல்லாம் விழும். பக்கத்துத் தெருவில் மீன்காரன் செய்த சில்லறை மோசடியை நினைத்துக்கொண்டு, பங்களாவில் நடந்த கொலைக்கு விடை சொல்லிவிடுவாள்.

இந்த மாதிரிக் கதைகளுக்கு மேல்நாட்டில் 'கோஸி மிஸ்டரி' என்று பெயர். இதமான மர்மக் கதை என்று சொல்லலாம். ரத்தம் கண்ணில் படாது. சின்ன ஊர், தெரிந்த முகங்கள், துப்பறிகிறவள் பெரும்பாலும் நம்மைப் போல ஒரு பெண். அவளுக்கு ஒரு கைவேலை இருக்கும். அமெரிக்காவில் எர்லீன் ஃபௌலர் என்ற எழுத்தாளர் 1994-ல் ஒரு கதை வரிசையைத் தொடங்கினார். அதில் கதாநாயகி நாட்டுப்புறக் கைவேலைகளுக்கான மியூசியத்தை நடத்துகிறவள். ஒவ்வொரு நாவலின் தலைப்பும் ஓர் ஒட்டுப் போர்வை வடிவத்தின் பெயர்! அந்நாட்டில் பழைய துணித் துண்டுகளைச் சேர்த்துப் போர்வை தைக்கும் பெண்கள், ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். இவ்வகைக் கதைகளுக்கு அங்கே 1989-லிருந்து ஆண்டுதோறும் மாநாடுகூட நடக்கிறது. அகதாவின் பெயரால் பரிசு தருகிறார்கள். பரிசுப் பொருள் என்ன தெரியுமா? ஒரு தேநீர்க் கெண்டி!

"சரி, நம்ம பக்கத்துல யாரும் இல்லையா?" என்று கேட்டுவிட்டு, பதிலையும் பெரியம்மாவே சொன்னாள். "ஏன் இல்லை? எங்கம்மா 'ஜகன்மோகினி'யைப் பைண்டு பண்ணி வெச்சிருந்தாங்களே!"

எவ்வளவு சரியாகச் சொன்னாள்! வை. மு. கோதைநாயகி அம்மாளை மறந்துவிட்டு நான் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். 1901-ல் பிறந்தவர், ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போய்ப் படித்ததில்லை. குழந்தைகளுக்கு வாய் ஓயாமல் கதை சொல்வார். எழுத வராத காலத்தில் முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். பிறகு, பிறர் தொடங்கி நடத்த முடியாமல் விட்ட 'ஜகன்மோகினி' பத்திரிகையை 1925-ல் எடுத்து நிமிர்த்தினார். நாம் பழைய பெட்டியைப் புதுசாக்குகிறோம். அவர் ஒரு பத்திரிகையையே புதுசாக்கியவர்! குடும்பக் கதையும் மர்மமும் துப்பறிதலும் கலந்து நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். காந்திஜியைச் சந்தித்த பிறகு பட்டையும் நகையையும் விட்டுக் கதர் கட்டினார். 1932-ல் அந்நியத் துணி மறியலில் சிறை சென்றார். எந்தச் சிறை? நம் வேலூர்ச் சிறைதான். மாதனூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். அந்தச் சிறைக்குள்ளும் அவர் எழுதுவதை விடவில்லை. 1960-ல் காலமானார்.

"ஜெயில்ல உக்காந்து கதை எழுதினாங்களா!" என்று பெரியம்மா வாயைப் பிளந்தாள். அப்போதுதான் அவள் கை கிழிப்பதை நிறுத்தியது.

மணி பதினொன்று ஆகிவிட்டது. எனக்குக் கண்ணைச் சுழற்றியது, போய்ப் படுத்துவிட்டேன். விளக்கை அணைப்பதற்குமுன் பெரியம்மா கூடத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த சத்தம் அரைத் தூக்கத்தில் காதில் விழுந்தது.

மறுநாள் நான் எழுந்தபோது மணி எட்டரை. தையல் மெஷினில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண். இருபது வயசு இருக்கும். ஷூவின் மேல்தோலைக் கையால் தைத்துக் கொடுக்கும் வேலையை வீட்டிலேயே செய்கிறாள். கம்பெனி ஆள் கட்டாகக் கொண்டுவந்து போடுவான். தைத்த ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியைச் சொன்னால் உங்களுக்கு மனசு கஷ்டப்படும். அந்த வேலை இல்லாத நேரத்தில் பெரியம்மாவிடம் பை தைக்கக் கற்றுக்கொள்கிறாள்.

மெஷின் பலகை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. என் காகிதப் பொட்டலத்தைக் காணோம்.

மெஷின் கீழே பார்த்தேன். இழுப்பறையில் பார்த்தேன். பாயை உதறினேன். இல்லை. சகோதரிகளே, இனி நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

"ஏம்மா, நீ எத்தனை மணிக்கு வந்தே?" என்று கேட்டேன்.

"ஏழரைக்குக்கா."

"இங்கே ஒரு பொட்டலம் இருந்ததே, பார்த்தியா?"

வார்த்தையில் தப்பு ஒன்றும் இல்லை. தொனியில் இருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. தைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "நான் எதையும் பார்க்கலைக்கா" என்று மெதுவாகச் சொன்னாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து உதறிக் காட்டினாள். நான் கேட்காமலே உதறிக் காட்டினாள். அந்த உதறலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னவோ செய்கிறது.

இரண்டு கையிலும் காப்பி டம்ளரோடு பெரியம்மா வந்தாள். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். ஒரு டம்ளரை என்னிடமும், இன்னொன்றை அந்தப் பெண்ணிடமும் கொடுத்தாள்.

"முதல்ல குடிங்க. அப்புறம் பேசலாம். என்ன காணோம்?"

சொன்னேன்.

"எதுல மடிச்சு வெச்சே?"

"பத்திரிகைக் காகிதத்திலே."

பெரியம்மா அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீ வரும்போது மெஷின் மேல என்ன இருந்திச்சு கண்ணு?" என்றாள்.

"ஒண்ணும் இல்லை ஆயா. சுத்தமா இருந்தது."

"கத்தரிச்ச காகிதம், துண்டு துணுக்கு?"

"அதுவும் இல்லை ஆயா."

பெரியம்மா என் பக்கம் திரும்பினாள். "கேட்டியா? நகைக்கு ஆசைப்படறவ நகையை எடுத்துக்கினு காகிதத்தைப் போட்டுட்டுப் போவா. இங்கே பொட்டலத்தோட சேர்ந்து குப்பைக் காகிதமும் போயிருக்குது. குப்பைக் காகிதத்தைத் தேடி எடுக்கற திருடி இந்த ஊர்லயே ஒருத்திதான் இருக்கா."

விடுவிடு என்று பின்கட்டுக்குப் போனாள். ராத்திரி காகிதம் ஊறப் போட்ட தவலைக்குள் முழங்கை வரை கையை விட்டாள். கூழாகிக்கொண்டிருந்த காகிதத்தை அளைந்தாள். கை வெளியே வந்தபோது உள்ளங்கையில் என் அம்மாவின் தோடு இரண்டும் இருந்தன. நீலக்கல் எப்போதையும்விடப் பளிச்சென்று இருந்தது!

நீங்கள் முன்பே கண்டுபிடித்திருப்பீர்கள். படுக்கப் போவதற்குமுன் ஒழுங்குபடுத்தியவள், மெஷின் மேல் கிடந்த காகிதங்களை ஒரே வாரலாக வாரித் தவலையில் போட்டிருக்கிறாள். துப்பறிந்தவளும் அவளே, குற்றவாளியும் அவளே!

"நான்தான் எடுத்தேன். என்னைப் போலீஸ்ல குடு" என்று கையை நீட்டினாள் பெரியம்மா. நான் சிரித்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

பெரியம்மாவும் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைத் தனியாகச் சமையற்கட்டுக்குக் கூப்பிட்டாள். "தோல்ல வடு இருந்தா அந்த இடத்தை விட்டுட்டு வெட்டிடலாம். பொண்ணு பேர்ல வடு விழுந்திச்சுன்னா எப்படி வெட்டறது? தோடு கிடைக்காமலே போயிருந்தா நீ பாட்டுக்கு மெட்ராசுக்குப் போயிருப்பே. அது இந்தத் தெருவிலதான் இருக்கணும்" என்றாள். சத்தம் போடவில்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது.

கூடத்துக்கு வந்து அந்தப் பெண் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "தப்பா நினைச்சுட்டேம்மா. மன்னிச்சுக்கோ" என்றேன். எத்தனையோ பெரிய மனிதர்களைப் பேட்டி கண்டவள் நான். அந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்ல அவ்வளவு சிரமப்பட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காதை விளக்கெண்ணெய் போட்டு நீவுங்கக்கா. வீங்கியிருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

துப்பறியும் கதை எழுதுகிறவர்களில் இத்தனை பேருக்கு ஏன் ஊசியும் நூலும் பிடித்திருக்கிறது என்ற கேள்விக்கு அன்றைக்கு எனக்கு விடை கிடைத்தது. ஒதுக்கித் தள்ளியதைக் கையில் எடுத்து, இது எங்கிருந்து வந்தது, எதோடு சேரும் என்று பொறுமையாகப் பார்க்கிற பழக்கம் இரண்டுக்கும் வேண்டும். எல்லோரும் கல்லைத் தேடினோம். பெரியம்மா காகிதத்தைத் தேடினாள். துணுக்குக்கு மதிப்புக் கொடுக்கத் தெரிந்தவள், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் மதிப்புக் கொடுத்தாள். அவள் சொன்ன பதிலை ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டாள். நானோ அதைக் காதில்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

மீதி இரண்டு நாளும் அந்தப் பெண்ணும் பெரியம்மாவும் எனக்குத் தோல் வேலை கற்றுக்கொடுத்தார்கள். உங்களுக்கும் சொல்கிறேன். கண்ணாடி உறைக்கு இரண்டு சாண் நீளத் துண்டு போதும். இரண்டாக மடித்து, ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு, குத்தூசியால் சம தூரத்தில் துளை போட்டுக்கொள்ளுங்கள். துளை போடாமல் ஊசியை அழுத்தினால் ஊசிதான் முறியும். நூலை மெழுகுவத்தியில் இரண்டு தடவை இழுத்துக்கொண்டு, இரண்டு ஊசியால் எதிரும் புதிருமாகத் தைத்தால் ஓரிடத்தில் அறுந்தாலும் மற்ற தையல் பிரியாது. உள்ளே பழைய பட்டுத் துணி ஒட்டினால் கண்ணாடியில் கீறல் விழாது.

ஒரு ஜாக்கிரதையும் சொல்ல வேண்டும். மிஞ்சிய தோல் துணுக்கை அடுப்பிலோ குப்பையோடோ போட்டு எரிக்காதீர்கள். இப்போது வரும் தோலில் பெரும்பகுதி குரோமிய உப்பில் பதனிட்டது. எரிந்தால் அந்தக் குரோமியம் மிகுந்த நச்சுள்ள வடிவத்துக்கு மாறக்கூடும். பாலாற்றுப் படுகையில் தோல் கழிவு மண்ணையும் கிணற்றையும் கெடுத்த வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. அவ்வளவு பெரிய பிரச்னையை ஒரு கண்ணாடி உறை தீர்த்துவிடாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும், எரிய வேண்டிய துண்டு ஒருத்தர் சட்டைப் பையில் பத்து வருஷம் இருந்தால் நல்லதுதானே?

ஊருக்குக் கிளம்பும்போது, தவலையில் ஊறிய காகிதம் ஒரு சின்னக் கிண்ணமாகக் காய்ந்திருந்தது. வெந்தய வாசனை இன்னும் போகவில்லை. அதை என் கையில் கொடுத்து, "இனிமே தோட்டை இதுல வை" என்றாள் பெரியம்மா. உற்றுப் பார்த்தால் அதன் அடியில், அரைபடாமல் தப்பிய பத்திரிகை எழுத்துக்கள் இரண்டு மூன்று தெரிகின்றன. பக்கத்து வீட்டுப் பெண் தைத்த சதுரத் தோள்பை ஒன்றை விலை கொடுத்து வாங்கிக்கொண்டேன். பெரியம்மாதான் விலை சொன்னாள். அவளாகச் சொல்லியிருந்தால் பாதிதான் கேட்டிருப்பாள். ஆபீசில் மூன்று பேர் அதைப் பார்த்துவிட்டு, எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள். மூன்று பேருக்கும் அவளிடமே சொல்லி வைத்திருக்கிறேன், அதே விலைக்கு.

உங்கள் வீட்டு மூட்டையை இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தரம் அவிழ்த்துப் பாருங்கள். தேடாத பொருள் ஏதாவது அகப்படும். அதற்குமுன் ஒரு வார்த்தை. வீட்டில் எதையாவது காணோம் என்றால், வேலைக்கு வரும் பெண்ணைக் கூப்பிடுவதற்கு முன்னால், ஊறப் போட்ட தவலையில் கையை விட்டுப் பார்த்துவிடுங்கள்.